ஆறாம் அத்தியாயம்: கையிலிருக்கும் தொழிலும் வாங்கப்போகும் பங்கும்

“எந்தப் பங்கை வாங்கலாம், அண்ணாச்சி?” என்று விருதுநகர் பஜாரிலும் சிவகாசி அச்சகங்களிலும் கேட்கிறவர்களுக்கு உடனே ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது சுலபம், ஆனால் கேட்டவர் என்ன தொழில் செய்கிறார், அந்தத் தொழிலில் அவருடைய பணம் வருஷத்தில் எந்த மாதம் உள்ளே வந்து எந்த மாதம் வெளியே போகிறது, எந்தச் சட்டமோ மழையோ வரியோ அவருடைய வருமானத்தை ஒரே நாளில் குறைத்துவிடக்கூடும் என்பவற்றை விசாரியாமல் சொல்லப்படும் பெயர், எத்தனை சிறந்த கம்பெனியினுடையதாக இருந்தாலும், அவருக்குப் பிரயோஜனப்படும் என்று சொல்வதற்கில்லை. ஆகையால் இந்த அத்தியாயத்தில் பங்குகளைப் பற்றிப் பேசுமுன் வாசகருடைய தொழிலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சிவகாசியை எடுத்துக்கொள்வோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி 1923-ஆம் ஆண்டில் இங்கே அதைத் தொடங்கிய காலந்தொட்டு, அந்த ஊர் தனக்கு வேண்டிய மூலதனத்தை உறவினர் கூட்டிலிருந்தும் வங்கியிலிருந்தும் வியாபாரிகள் தரும் முன்பணத்திலிருந்தும் திரட்டிக்கொண்டதே அன்றிப் பங்குச் சந்தையின் வாசலில் போய் நின்றதில்லை. பட்டாசுத் தொழிலின் புகழ்பெற்ற பெயர்கள் இன்றும் குடும்பங்களின் கைவசமே இருக்கின்றன. ஆதலால், ‘எனக்குத் தெரிந்த தொழில் பட்டாசு, அதிலேயே பங்கு வாங்குகிறேன்’ என்று நினைக்கிறவருக்குச் சந்தையில் சரக்கு இல்லை. புரோக்கர் அலுவலகத்தில் சிலர் நாகபுரியின் சோலார் இண்டஸ்ட்ரீஸையும் ஐதராபாத்தின் பிரீமியர் எக்ஸ்ப்ளோசிவ்ஸையும் காட்டி, “இதுவும் வெடிதானே” என்பார்கள். அவை சுரங்கத்துக்கும் கல் குவாரிக்கும் ராணுவத்துக்கும் வெடிபொருள் செய்து கொடுப்பவை. தீபாவளிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. மத்தாப்புச் செய்யத் தெரிந்தவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தின் டெண்டர் விவகாரம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

இந்தத் தொழிலின் அபாயம் எத்தகையது என்பதை 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு பிரத்தியட்சமாகக் காட்டியது. பேரியம் உப்புக்களைச் சேர்க்கலாகாது, சரவெடி ஆகாது, தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரைதான் வெடிக்கலாம், இணையவழி விற்பனை கூடாது என்ற அந்தக் கட்டளைக்குப் பின் சிவகாசி வட்டாரத்து ஆலைகள் பல மாதங்கள் அடைத்துக் கிடந்தன. நஷ்டம் ஆலை முதலாளியோடு நின்றதா? குழாய் சுற்றிக் கொடுத்த குடும்பத்துக்கும், ரசாயனம் விற்றவருக்கும், அட்டைப்பெட்டி அச்சடித்தவருக்கும், லாரி புக்கிங் ஆபீஸுக்கும், அவர்களுக்கெல்லாம் வீடு வாடகைக்கு விட்டவருக்கும் அது சென்றது. ஊரில் ஒருவர் வைத்திருக்கும் ஆலை, கட்டிய வீடு, வாங்கிப் போட்ட மனை, சேர்ந்திருக்கும் சீட்டு, நண்பருக்குக் கொடுத்த கைமாற்று ஆகிய அனைத்தும், தனித்தனிச் சொத்துக்கள்போலத் தோன்றினும், ஒரே தீபாவளியை நம்பி நிற்பவையே. இவ்வாறு ஏற்கெனவே பத்துப் பங்கு பணத்தில் ஒன்பது பங்கைத் தம்மை அறியாமலே ஒரே இடத்தில் வைத்திருப்பவர் பங்குச் சந்தைக்கு வரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எது அதிகம் ஏறும்?’ என்பதன்று; ‘பட்டாசு விற்காத வருஷத்திலும் எது சம்பாதிக்கும்?’ என்பதே. மருந்து, மின்சாரம், ஜனங்கள் அன்றாடம் வாங்கும் சோப்பு, பற்பசை, நாடெங்கும் கிளைகள் கொண்ட பெரிய வங்கி ஆகிய துறைகள் அவருக்கு உரியவை. அவை நன்றாக இருக்கின்றனவா என்பது பிறகு பார்க்க வேண்டிய விஷயம். அவருடைய ஊரோடு சேர்ந்து விழமாட்டா என்பது முதலில் வேண்டிய குணம்.

இந்த விதியை இயந்திரம்போலப் பிரயோகிக்கவும் கூடாது. சிவகாசியில் ஆப்செட் அச்சகம் நடத்துகிறவர் காகித ஆலைப் பங்கை வாங்கலாமா என்று கேட்டால், ‘அதுவும் உங்கள் தொழிலைச் சேர்ந்ததே, வேண்டாம்’ என்று சொல்லத் தோன்றும். சற்று நிதானித்துப் பார்த்தால் காரியம் வேறாக இருக்கிறது. காகித விலை ஏறும்போது, காலண்டருக்கும் டைரிக்கும் முன்கூட்டியே விலை பேசி ஆர்டர் பிடித்துவிட்ட அச்சக முதலாளியின் கை கடிக்கிறது. அதே விலையேற்றத்தால் கரூர்ப் பக்கத்துத் தமிழ்நாடு காகித ஆலைக்கும் ஈரோட்டுச் சேஷசாயி காகித ஆலைக்கும் லாபம் கூடுகிறது. ஒன்றில் போவது மற்றொன்றில் ஓரளவு வருமாகையால் அவர் சொற்ப அளவில் காகிதப் பங்கு வைத்திருப்பது விவேகமே. காகித வியாபாரிக்கு இதே யோசனை பொருந்தாது. கிடங்கில் சரக்கை அடுக்கி வைத்திருக்கும் அவர் விலை ஏறும்போது மகிழ்ந்து, இறங்கும்போது அழுகிறவர், ஆலையும் அவ்வாறே. விருதுநகர் எண்ணெய் வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமில்லை. 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா சமையல் எண்ணெய்களின் மீது 20 சதவீத அடிப்படை இறக்குமதி வரி விதித்து, 2025 மே மாத முடிவில் அதை 10 சதவீதமாகக் குறைத்தபோது, தம் கையிருப்பின் மதிப்பு ஒரே இரவில் ஏறியதையும் இறங்கியதையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த அறிவிப்புக்கே ஆட்படும் எண்ணெய்க் கம்பெனியின் பங்கையும் அவர்கள் வாங்கி வைப்பது, ஒரே அறிவிப்பை இருமுறை எதிர்நோக்கிக் காத்திருப்பதாகும்.

அடுத்த கேள்வி எந்தப் பணம் என்பது. மாதச் சம்பளக்காரருக்கு எழுதப்பட்ட புத்தகங்கள் மாதந்தோறும் ஒரே தொகையைப் போடச் சொல்கின்றன. பட்டாசுக்காரருக்கு அது சரிப்படாது. தீபாவளி முடிந்து வெளியூர்ப் பார்ட்டிகளிடமிருந்து பாக்கி வசூலாகும் மாதங்களில் கையில் பணம் புரளும். சீசனுக்கு உற்பத்தி சூடுபிடிக்கும் மாதங்களில் கூலிக்கும் ரசாயனத்துக்கும் காகிதத்துக்கும் வங்கியின் ஓவர்டிராப்டே கதி. வசூல் பணம் முழுவதையும் உற்சாகத்தோடு பங்கில் போட்டுவிட்டு, ஆடி மாதத்தில் கூலி கொடுப்பதற்காக அதை விற்கப் புறப்படுகிறவருக்குச் சந்தை தயவு காட்டுவதில்லை. அன்று விலை இறங்கியிருந்தாலும் விற்றே ஆகவேண்டும். அடுத்த சீசனுக்கு வேண்டிய நடைமுறை மூலதனத்தையும், அதற்கு மேல் ஒரு சீசன் முழுவதும் கெட்டுப்போனாலும் குடும்பம் நடக்கப் போதுமான தொகையையும் வங்கி வைப்பில் ஒதுக்கிய பின்னர், ஐந்து வருஷத்துக்குத் தேவைப்படாது என்று தீர்மானமாகச் சொல்லக்கூடிய மிச்சமே பங்குக்கு உரியது. அந்த மிச்சத்தையும் ஒரே நாளில் போடாமல், வசூல் வர வர நாலைந்து தவணைகளாகப் போடலாம். ஓவர்டிராப்டுக்கு வட்டி கட்டிக்கொண்டே பங்கு வாங்குவதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான்: வேண்டாம்.

இனி, இந்த ஜில்லாவில் தவறாமல் எழும் ஒரு கேள்விக்கு வருவோம். “நம்ம ஊர்க் கம்பெனியாச்சே, வாங்கிப் போடலாமா?” என்பது அது. நம்மூரில் அத்தகைய கம்பெனிகள் இல்லாமலில்லை. ராஜபாளையத்து பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ், விருதுநகருக்குச் சமீபத்தில் ராமசாமி ராஜா நகர் என்று இன்று அவர் பெயரால் வழங்கும் இடத்தில் தன் முதல் ஆலையை நிறுவியது. 2013-இல் ராம்கோ சிமெண்ட்ஸ் என்று பெயர் மாறியது. சூலக்கரையில் விருதுநகர் டெக்ஸ்டைல் மில்ஸ், வி.டி.எம். என்ற பெயரில், மும்பைச் சந்தையில் பதிவான கம்பெனியாக இருக்கிறது. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கியாகப் பிறந்து 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாகப் பெயர் பூண்ட நிறுவனத்தில் கணக்கில்லாத வியாபாரக் குடும்பம் இந்தப் பக்கத்தில் அபூர்வம்.

இவற்றை அறிந்திருப்பதால் வாங்கலாம் என்பவர் எதை அறிந்திருக்கிறார் என்று யோசிக்க வேண்டும். ஆலையின் புகைபோக்கியைத் தினமும் பார்க்கிறார். மேனேஜரோடு கல்யாண வீட்டில் பேசுகிறார். ஆனால் சிமெண்ட் கம்பெனியின் லாபத்தை நிர்ணயிப்பவை நிலக்கரி, பெட்ரோலியக் கரி ஆகியவற்றின் உலக விலை, தென்னிந்தியாவில் தேவைக்கு மேல் பெருகிக் கிடக்கும் ஆலைகளின் போட்டி, விரிவாக்கத்துக்கு வாங்கிய கடனின் வட்டி முதலியவை; அவற்றில் ஒன்றும் ராமசாமி ராஜா நகரின் சாலையிலிருந்து தெரிவதில்லை. வங்கியின் விஷயமும் அப்படியே. மெர்க்கன்டைல் வங்கியின் பங்குகள் 1990-களில் வெளியார் கைக்குப் பெருமளவில் போய், அவற்றை மீட்க நாடார் சமூகத்தார் திரண்டு, வழக்குகள் நீண்ட கதை ஊரறிந்தது. நெடுங்காலம் சந்தைக்கு வெளியே இருந்த அந்தப் பங்கு 2022 செப்டம்பரில் ரூ. 510 விலையில் வெளியிடப்பட்டு, அம்மாதம் 15-ஆம் தேதி பட்டியலில் ஏறியபோது, முதல் நாளே இரட்டிப்பாகும் என்று பஜாரில் பேசிக்கொண்டவர்களை ஏமாற்றிற்று. 2022–23-இல் வங்கி ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நிகர லாபம் ஈட்டியும் விலை நெடுநாள் அந்த வெளியீட்டு விலையைச் சுற்றியே அலைந்தது. வங்கி கெட்டுப்போகவில்லை, அபிமானத்துக்கு மட்டும் சந்தை விலை கொடுப்பதில்லை.

ராம்கோ விஷயத்தில் நுட்பமான ஒரு கேள்வியும் உண்டு. அதே குடும்பத்தின் ராம்கோ இண்டஸ்ட்ரீஸும் ராஜபாளையம் மில்ஸும் தாமே சந்தையில் பதிவான கம்பெனிகள். இரண்டின் கையிலும் ராம்கோ சிமெண்ட்ஸின் பங்குகள் கணிசமாக இருக்கின்றன. அந்தக் கையிருப்பின் சந்தை மதிப்பைக் கணக்கிட்டு, ‘மில்லின் மொத்த விலையைவிட அதன் பெட்டிக்குள் இருக்கும் சிமெண்ட் பங்கின் விலையே அதிகம், ஆகவே மில் பங்கு மலிவு’ என்று சிலர் வாதிப்பார்கள். கணக்கு பிழையற்றது. ஆயினும் அந்தப் பெட்டியின் சாவி புரோமோட்டர் குடும்பத்திடம் இருக்கிறது. அவர்கள் அதை விற்கப்போவதுமில்லை, விற்றுப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கப்போவதுமில்லை. சாமானியப் பங்குதாரருக்குப் பெட்டிக்குள் இருப்பதிலிருந்து வருவது டிவிடெண்ட் மாத்திரமே. இவ்வகை மலிவு பத்தாண்டுகள் கழிந்தும் மலிவாகவே இருக்கக் கூடும். மூன்று பங்குகளையும் வாங்கிவிட்டு மூன்று தொழில்களில் பணத்தைப் பரப்பியதாக நினைப்பதும் பிசகு. மூன்றிலும் சிமெண்ட் இருக்கிறது. வி.டி.எம். போன்ற சிறிய கம்பெனிப் பங்குகளில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரு நாளில் கைமாறும் எண்ணிக்கை குறைவாகையால், வாங்கும்போது விலை தானே ஏறும். விற்கும்போது தானே இறங்கும். பெருந்தொகை போடுமுன் ஒரு மாதம் அன்றாட வியாபார அளவைக் குறித்து வைத்துப் பார்க்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் வித்தையில் மண்டி வியாபாரிக்கு ஏற்கெனவே பாதி கைவந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மிளகாய் மூட்டையோ பருப்பு மூட்டையோ வந்து இறங்கினால், மூட்டையின் மேல் ஒட்டியிருக்கும் முத்திரையை அவர் படித்துக்கொண்டிருப்பதில்லை. குத்தூசியை ஓரத்தில் செருகி, உள்ளங்கையில் நாலு மணியைக் கொட்டி, ஈரத்தையும் நிறத்தையும் பார்த்து, அடிமூட்டையிலிருந்தும் ஒரு மாதிரி எடுக்கச் சொல்கிறார். ஆண்டறிக்கையையும் அப்படியே குத்திப் பார்க்க வேண்டும். சேர்மனுடைய கடிதமும் வண்ணப் படங்களும் மேல்மூட்டை. அவற்றைப் புரட்டிவிட்டு ஐந்தொகைக்கும் பணவரவுக் கணக்குக்கும் போக வேண்டும்.

முதலில், வரவேண்டிய பாக்கி. விற்பனை பத்துச் சதவீதம் கூடியிருக்கையில் பாக்கி நாற்பது சதவீதம் கூடியிருந்தால், சரக்கைக் கடனுக்குத் தள்ளிவிட்டு விற்பனை என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைச் சிவகாசிக்காரருக்கு ஒருவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. திரும்பி வராத வடநாட்டுப் பாக்கியின் ருசி அவருக்குத் தெரியும். இரண்டாவது, லாபமாகக் காட்டிய தொகைக்கும் தொழிலிலிருந்து கைக்கு வந்த ரொக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒரு வருஷம் வித்தியாசப்படுவது சகஜம், ஐந்து வருஷத்தைக் கூட்டிப் பார்த்தும் ரொக்கம் லாபத்துக்கு வெகுதூரம் பின்தங்கியிருந்தால் அந்தக் கம்பெனியை விட்டுவிடலாம். பிறகு கடனும் அதன் வட்டியும். புரோமோட்டர் தம் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறாரா என்பது காலாண்டுதோறும் சந்தைக்குத் தரப்படும் பங்குடைமைப் பட்டியலில் இருக்கிறது. சந்தையின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். சொந்தக்காரர் கம்பெனிகளோடு செய்த கொடுக்கல்வாங்கல் அறிக்கையின் பின்பகுதியில், பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கத் தகும். தணிக்கையாளர் ஆண்டின் நடுவில் விலகியிருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதே இல்லை. 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்பெனியின் தலைவரே கம்பெனிக் கணக்கில் இல்லாத ரொக்கத்தை இருப்பதாகக் காட்டியதை எழுதி ஒப்புக்கொண்டார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கணக்கைப் படித்தவரையும் ஏமாற்றும் கணக்கு உண்டு. ஒரே பங்கில் எல்லாவற்றையும் வைக்கலாகாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

எத்தனை பங்குகள் என்று கேட்டால், பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை என்பேன். அதற்குக் குறைந்தால் ஒன்றின் சரிவு குடும்பத்தை உறுத்தும். அதற்கு மேல் போனால், கடை நடத்திக்கொண்டு அத்தனை ஆண்டறிக்கைகளையும் படிக்க மனிதருக்கு அவகாசமில்லை. ஒரு பங்குக்கு மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பகுதிக்கு மேல் போகாமலும், ஒரே துறைக்கு நாலில் ஒரு பகுதியைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் அவகாசமில்லை என்பவர் நிஃப்டி குறியீட்டைப் பின்பற்றும் ஒரு பரஸ்பர நிதியை வாங்கிவிட்டு இந்த அத்தியாயத்தை இங்கேயே மூடிவிடலாம். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

“விலை பாதியாகிவிட்டதே, இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணிவிடவா?” என்பது பெரும்பாலும் தூக்கம் வராதவர் கேட்கும் கேள்வி. வாங்கிய நாளில் ஒரு காகிதத்தில், எதற்காக வாங்கினோம் என்று மூன்று வரி எழுதி வைத்திருந்தால் பதில் அதிலேயே இருக்கும். அந்தக் காரணங்கள் இன்றும் மெய்யாயிருந்து விலை மாத்திரம் இறங்கியிருந்தால், மேலே சொன்ன பத்தில் ஒரு பகுதி எல்லைக்குள் வாங்கலாம். காரணமே பொய்த்திருந்தால் வாங்கிய விலையை மறந்து விற்றுவிட வேண்டும். பெரிய பெயர் என்பதும் ஒரு காரணமாகாது. நாட்டின் தீப்பெட்டி வியாபாரத்தில் ஒரு காலத்தில் கோலோச்சிய விம்கோ கம்பெனியை, கலால் வரிச் சலுகையின் துணையோடு, கையால் தீப்பெட்டி செய்த நம் பக்கத்துச் சிறு ஆலைகள் பின்னுக்குத் தள்ளின. கடைசியில் அது ஐ.டி.சி.யிடம் போய்ச் சேர்ந்தது. அந்த வெற்றியில் பங்கு கொண்ட ஊராரே, பெரிய கம்பெனி ஒருநாளும் சரியாது என்று நம்பிப் பணம் போடுவது விசித்திரம்.

விற்கும்போது வரியை மறக்கக் கூடாது. வரிக்குப் பயந்து விற்காமலும் இருக்கக் கூடாது. 2024 ஜூலை 23 முதல், பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்கின் லாபத்தில் ஆண்டுக்கு ரூ. 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதமும், அதற்குள் விற்றால் 20 சதவீதமும் வரி. டிவிடெண்ட் மற்ற வருமானத்தோடு சேர்ந்து அவரவர் வரி விகிதத்துக்கு உட்படும். பதினோராவது மாதத்தில் விற்க நினைக்கிறவர் அவசியமில்லையானால் இன்னும் சில வாரம் பொறுக்கலாம்.

பியூச்சர், ஆப்ஷன் வியாபாரத்தைப் பற்றி ஒரு வாக்கியம் போதும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தார்கள் என்றும், நஷ்டத் தொகை மொத்தம் ரூ. 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்றும் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கெடுத்து வெளியிட்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் பங்கின் பெயர் அனுப்புகிறவரிடம் செபியின் பதிவு எண்ணைக் கேட்கலாம். பெரும்பாலும் உரையாடல் அத்தோடு நின்றுவிடும்.

கடைசியாக, பங்கு வாங்குவதைவிட அவசரமான ஒரு காரியம். ராஜபாளையம், விருதுநகர் பக்கத்துப் பழைய வீடுகளின் இரும்புப் பெட்டியில் தாத்தா காலத்து மெட்ராஸ் சிமெண்ட்ஸ் பத்திரமோ வேறு மில் பத்திரமோ, மஞ்சள் படிந்து, நிலப் பத்திரங்களோடு மடித்து வைக்கப்பட்டிருப்பது அபூர்வமன்று. அதில் அச்சிட்டிருக்கும் முகமதிப்பைக் கண்டு சொற்பமென்று ஒதுக்கிவிடக் கூடாது. ராம்கோ சிமெண்ட்ஸ் பங்கின் முகமதிப்பு இன்று ஒரு ரூபாய். ஆகவே பழைய பத்திரத்தின் ஒரு பங்கு இன்று பல பங்குகளாகப் பிரிந்திருக்கும். 2019 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து காகிதப் பத்திரத்தை விற்று மாற்ற இயலாது. டீமேட் கணக்குக்குக் கொண்டுவந்தே ஆகவேண்டும். ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்கப்படாவிட்டால் பங்குகளே முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடுகின்றன. அங்கிருந்து திரும்பப் பெற ஐ.இ.பி.எஃப்.-5 என்னும் படிவம் உண்டு, கட்டணமில்லை, பொறுமைதான் வேண்டும். அந்தப் பொறுமையைச் சோதிப்பது பெரும்பாலும் நம்முடைய பெயர்தான். பத்திரத்தில் தலைப்பெழுத்துக்களோடு பெயர், வருமானவரி அட்டையில் தகப்பனார் பெயரை விரித்தெழுதிய பெயர், ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால் வந்த பெயர் என ஒரே மனிதர் மூன்று ஆளாக நிற்பார். மூவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுதி, கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஆகையால் உங்கள் டீமேட் கணக்கிலும், வருமானவரி அட்டையிலும், வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே விதமாக இருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். வாரிசு நியமனம் செய்யாதிருந்தால் செய்துவிடுங்கள். எந்தெந்தக் கம்பெனியில் எத்தனை பங்கு இருக்கிறதென்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் இருப்பவர்களிடம் அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லி வையுங்கள்.